பழைய மரத்தரை: தேய்க்கலாமா, எவ்வளவு தேய்க்கலாம்?

கார்ப்பெட்டைப் பிய்த்தெடுத்தால் அடியில் மரத்தரை. வார்னிஷ் பல இடங்களில் உரிந்திருக்கிறது, ஆட்கள் நடக்கும் தடத்தில் பலகை சாம்பல் பூத்துக் கிடக்கிறது, ஜன்னலோரம் இரண்டு கறுப்புத் திட்டுகள், நடுவில் நாலைந்து பலகைகள் மிதித்தால் கிறீச்சிடுகின்றன. சாண்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து நானே தேய்த்து பி.யு. (பாலியூரித்தேன்) கோட்டிங் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம். ஆனால் மெஷினுக்குச் சொல்லும் முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: தேய்ப்பதற்கு இந்தத் தரையில் இன்னும் மரம் மிச்சமிருக்கிறதா, இருந்தாலும் முழுக்கத் தேய்த்துத்தான் தீர வேண்டுமா. மரத்தரையில் தடிமன்தான் முதல். ஒவ்வொரு தேய்ப்பும் அதிலிருந்து எடுக்கும் செலவு, திரும்ப வராது.

பழைய முழு மரப் பலகைகள் பெரும்பாலும் 18 முதல் 20 மி.மீ. தடிமன் இருக்கும். அத்தனையும் தேய்க்கக் கிடைக்காது. ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டிய நாக்கு அடுத்ததன் ஓரத்துக் காடிக்குள் (பள்ளத்துக்குள்) நுழையும்படி கோத்திருந்தால், நாக்குக்கு மேலே உள்ள 6 மி.மீ. சொச்சம்தான் கணக்கு. அதிலும் கடைசி ஒன்றிரண்டு மி.மீ.யைத் தொடக் கூடாது. காடியின் மேல் உதடு மெலிந்துவிட்டால் மிதிக்க மிதிக்கச் சில்லுச் சில்லாகப் பெயரும். டிரம் மெஷினில் (உப்புத்தாள் சுற்றிய உருளை சுழன்று தேய்ப்பது) ஒரு முறை முழுசாகத் தேய்த்தால் முக்கால் மி.மீ. அளவுக்குப் போகும், கை பழகாதவர் தேய்த்தால் அதைவிடக் கூடுதலாகவே போகும். மிச்சத்தை அளக்க, ஸ்கர்ட்டிங் பலகை (சுவரின் அடியோரத்தில் ஓடும் பட்டி) ஒன்றைக் கழற்றியோ கதவு நிலைக்குக் கீழே உள்ள பட்டியைத் தூக்கியோ வெட்டுமுகத்தைப் பாருங்கள். அதற்கு வழியில்லையென்றால், இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் ஒரு கெட்டி அட்டையை நாக்கில் இடிக்கும்வரை சொருகி, தரைமட்டத்தில் பென்சில் கோடு போட்டு, வெளியே எடுத்து அளக்கவும். நாலைந்து இடங்களில், முக்கியமாக வாசலோரம், அளக்க வேண்டும். முன்பு தேய்த்தவர்கள் அங்கேதான் அதிகம் தின்றிருப்பார்கள். 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் தயங்காமல் ஒரு தடவை தேய்க்கலாம். 2 மி.மீ.க்குக் கீழே என்றால் டிரம் மெஷினை உள்ளே விடாதீர்கள். பலகை ஓரத்தில் மறைவாக அடித்த ஆணிகளின் தலை வெளியே மினுக்கினால் அந்தத் தரையின் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். வெட்டுமுகத்தில் மேலே மெல்லிய நல்ல மரமும் கீழே பிளைவுட் அடுக்குகளும் தெரிந்தால் அது எஞ்சினியர்டு தரை. மேலடுக்கு 2 மி.மீ.க்குள் இருந்தால் தேய்ப்பு என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்து, மேலே பூசியிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியை மினரல் டர்பென்டைனில் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். மஞ்சளும் பழுப்புமாக அழுக்கு ஏறினால் மெழுகு இருக்கிறது. இன்னொரு துணியை டினேச்சர்டு ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால், பூச்சு பிசுபிசுத்துக் கரைகிறதா? அது அரக்குப் பூச்சு. எதற்கும் அசையவில்லையென்றால் பாலியூரித்தேனாகவோ எண்ணெய் வார்னிஷாகவோ இருக்கலாம்; அதை இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது, தேய்க்கப் போகிறீர்கள் என்றால் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மெழுகைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். மெழுகின் மேல் எந்த பி.யு.வும் ஒட்டாது, மெழுகுத் தரையைத் தேய்த்தால் உப்புத்தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வீட்டில் தரைக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. கார்ப்பெட்டுக்குக் கீழே பழைய வினைல் டைலோ, கறுப்பு நிறப் பசையோ ஒட்டியிருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. இரண்டையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்துக்குச் சிறு மாதிரி அனுப்பி முடிவு வரும்வரை உப்புத்தாளை அதன் மேல் வைக்காதீர்கள். தூசி முகமூடி மட்டும் இதற்குப் போதாது.

முழுத் தேய்ப்பு தேவைப்படாத தரைகள் நிறைய. பூச்சில் கீறலும் மங்கலும் மட்டும் இருந்து, மரம் வெளியே தெரியாமல் இருந்தால், 120 அல்லது 150 நம்பர் வலைத்தாளை (வலை போன்ற உப்புத்தாள்; நம்பர் ஏற ஏறத் தாள் சன்னம்) பஃபர் மெஷினில் (வட்டத் தட்டு சுழலும் மெஷின்) மாட்டி, பழைய பூச்சின் பளபளப்பை மட்டும் உடைத்து, தூசியைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஒரு கோட் அடித்தால் போதும். மரம் ஒரு துளியும் குறையாது. முதலில் ஒரு மூலையில் ஓரடிக்கு ஓரடி செய்து, ஒரு நாள் காயவிட்டு, நாணயத்தின் விளிம்பால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் அடியில் மெழுகோ சிலிக்கான் பாலிஷோ இருக்கிறது. உங்கள் தரைக்கு இது பொருந்தாது என்றே நினைக்கிறேன். பலகை சாம்பல் பூத்திருக்கிறது என்றால் அங்கே பூச்சு முழுக்கப் போய் மரத்துக்குள் தண்ணீரும் அழுக்கும் இறங்கிவிட்டன. மேலே கோட் அடித்தால் அந்தச் சாம்பல் நிறம் அப்படியே கண்ணாடிக்குள் வைத்தது போல நிலைத்துவிடும். ஆனால் மற்ற அறைகளில் இதே தரை நல்ல நிலையில் இருந்தால், அங்கே இது போதும்.

ஈரத்தைப் பார்க்காமல் மெஷினைக் கொண்டுவருவதுதான் பலர் செய்யும் தப்பு. பலகையின் இரண்டு ஓரமும் தூக்கி, நடு பள்ளமாகக் கிண்ணம் போல வளைந்திருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த நிலையில் தட்டையாகத் தேய்த்தால் தூக்கிய ஓரங்கள்தான் போகும். பிறகு பலகை காய்ந்து பழைய வடிவுக்கு வரும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகி நிற்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு தேய்ப்பு, இன்னொரு மி.மீ. ஆகவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டு, தரை தானாகப் படிகிறதா என்று காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கானாலும் சரி. முள் வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் சரி என்பது அந்தந்த இடத்துக் காற்றைப் பொறுத்து மாறும், அதனால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பயன். அறையின் நடுவில் 9 காட்டி, ஜன்னலோரம் 14 காட்டினால் அங்கே கசிவு இன்னும் நடக்கிறது.

கிறீச் சத்தம் பலகை ஆணியில் ஏறி இறங்குவதால் வருகிறது. கீழிருந்து எட்ட முடிந்தால், உத்தரக்கட்டைக்கு (தரையைத் தாங்கும் குறுக்குக் கட்டை) பக்கத்தில், அதன் மேல் பரப்பிய அடித்தளப் பலகை வழியாக மேல் பலகைக்குள் ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடிக்கலாம்; ஸ்க்ரூவின் நீளம் மொத்தத் தடிமனைவிட 6 மி.மீ.யாவது குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் முனை தரைக்கு மேலே எட்டிப் பார்க்கும். மேலிருந்துதான் முடியும் என்றால், முதலில் ஆணியைவிடச் சன்னமான துளை போட்டு, இரண்டு ஆணிகளை எதிரெதிர்ச் சாய்வில் உத்தரக்கட்டைக்குள் அடித்து, தலையை 3 மி.மீ. உள்ளே இறக்கிப் புட்டி வையுங்கள். துளை போடாமல் அடித்தால் காய்ந்த பழைய மரம் பிளக்கும். டால்கம் பவுடரை இடுக்கில் தூவுவது தற்காலிகம்தான், அதோடு பிறகு கோட்டிங் ஒட்டுவதையும் கெடுக்கும்.

பலகைகளுக்கு நடுவே 1 மி.மீ., ஒன்றரை மி.மீ. இடைவெளி இருந்தால் விட்டுவிடுங்கள். மரம் ஈரக் காலத்தில் உப்பி, வறண்ட காலத்தில் சுருங்கும். அந்த இடைவெளி அதற்கு வேண்டியது. புட்டியால் அடைத்தால் அடுத்த முறை உப்பும்போது நசுங்கி, சுருங்கும்போது பொடிப் பொடியாகக் கழன்று வரும். 3 மி.மீ.க்கு மேல் நிரந்தரமாக இருக்கும் இடுக்குகளுக்கு அதே மரத்தில் மெல்லிய பட்டி சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் சொருகலாம். இரண்டு பக்கமும் பசை தடவினால் அடுத்த இடுக்கு இரட்டிப்பாகும்.

கறுப்புத் திட்டுக்கு வருவோம். ஜன்னலோரம் என்பதால் மழைத் தண்ணீராக இருக்கலாம், பூந்தொட்டியாக இருக்கலாம், வளர்ப்புப் பிராணியின் சிறுநீராகவும் இருக்கலாம். முதலில் ஒரு குத்தூசியை அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல இறங்கினால் அது உளுத்த மரம். பலகையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கெட்டியாக இருந்தால், பெரும்பாலும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் தண்ணீரோடு வந்த இரும்பும் சேர்ந்த கறை. ஓக் போன்ற மரங்களில் இது மை போலவே கறுக்கும். இதற்கு ஆக்சாலிக் அமிலம் நன்றாக வேலை செய்யும். பூச்சை நீக்கி மரம் வெளியே தெரிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே இறங்காது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு லிட்டர் சுடுநீருக்கு 100 கிராம் கரைத்து, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நைலான் பிரஷ்ஷால் தடவவும். கறை மீது மட்டும் தடவாமல் பலகையின் முழு நீளத்துக்கும் தடவுங்கள்; இல்லையென்றால் கறை போய் அந்த இடம் வெளிறிய தீவாக நிற்கும். ஓர் இரவு விட்டு, போதவில்லையென்றால் இன்னொரு தடவை. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைத்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்தெடுக்கவும். இந்தக் கழுவலைத் தவிர்த்தால் காய்ந்த அமிலம் வெள்ளைப் பொடியாக நிற்கும். அதைத் தேய்க்கும்போது மூக்குக்குள் போனால் நுரையீரல் எரியும். குளோரின் பிளீச்சை இதனுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். இரும்புக் கம்பித் தேய்ப்பானும் வேண்டாம், அதுவே புதுக் கறையைக் கொடுக்கும். இரும்புக் கறை என்றால் நம்பிச் செய்யலாம். சிறுநீர் பல நாள் ஊறிய கறை என்றால் உறுதி சொல்ல மாட்டேன். நிறம் குறையும், முழுக்கப் போவது அபூர்வம், வாடை திரும்பவும் வரலாம். அதற்குப் பலகையை மாற்றுவதே மேல். அல்மாரிக்கு அடியில் அல்லது கண்ணில் படாத மூலையில் இருந்து இரண்டு பலகை எடுத்து இங்கே போட்டால், வயதும் நிறமும் ஒத்துப்போகும்.

தேய்ப்பதற்கு முன் கார்ப்பெட்டைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்கள் அத்தனையையும் பிடுங்குங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒன்றையும் விடாதீர்கள். விட்டுப்போன ஒரு பின் தாளைக் கிழிக்கும், பொறியும் பறக்கும். தெரியும் ஆணித் தலைகளை நெயில் பஞ்ச் (ஆணித் தலையை உள்ளே இறக்கும் சிறு இரும்புக் கம்பி) வைத்து அடித்து 3 மி.மீ. இறக்கவும்.

டிரம் மெஷின் வேகமானது, அதே வேகத்தில் தரையைக் கெடுக்கவும் செய்யும். ஓடும் டிரம் ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றாலும் குறுக்கே ஒரு பள்ளம் விழும், அது கோட் அடித்த பிறகுதான் பளிச்சென்று தெரியும். ஆகவே நடக்கத் தொடங்கிய பிறகு டிரம்மை இறக்க வேண்டும், நிற்பதற்கு முன் தூக்க வேண்டும். கைக்கு இது பழகும்வரை பிறகு மறைந்துவிடும் ஒரு இடத்தில், 80 நம்பர் தாளில் ஒத்திகை பாருங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் தட்டை ஆர்பிட்டல் மெஷினை (உருளைக்குப் பதில் தட்டையான அடிப்பலகை அசைந்து தேய்ப்பது) எடுங்கள். நேரம் இரண்டு மூன்று மடங்கு ஆகும், பள்ளம் விழாது. முதல்முறை செய்பவருக்கு, தடிமனும் சந்தேகமாக இருந்தால், நான் அதைத்தான் சொல்வேன்.

எந்த நம்பரில் தொடங்குவது என்பதில் ஒரு விதி: வேலையை முடிக்கக்கூடிய தாள்களில் எது சன்னமோ அது. முதலில் 60இல் ஓர் ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். பூச்சு போய்ச் சுத்தமான மரம் தெரிந்தால் அதிலேயே தொடரலாம். பூச்சு உருகித் தாளை அடைத்தால் 36க்கு இறங்கவும். பிறகு 60, 80, 100 என்று ஏறுங்கள். நடுவில் ஒரு நம்பருக்கு மேல் தாவக் கூடாது. ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாளின் கீறலை எடுப்பதுதான். 36இலிருந்து நேரே 100க்குப் போனால் 36இன் கீறல் அடியிலேயே கிடக்கும், சாயம் பூசினால் கோடு கோடாக எழும். பலகைகள் மேடுபள்ளமாக இருந்தால் முதல் ஓட்டத்தை மட்டும் மரத்தின் ரேகைக்குச் சற்றுச் சாய்வாக, 10 பாகை அளவில் ஓட்டி மட்டப்படுத்தி, மற்றதெல்லாம் ரேகைப் போக்கில். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் மேல் பாதி ஏறட்டும். தரையெங்கும் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் எங்கே தாள் படவில்லை என்று தெரியும். விளக்கைத் தரையோடு படுக்க வைத்துப் பாருங்கள், மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத அலையெல்லாம் தெரியும். 20 சதுர மீட்டர் அறைக்குக் கரடான நம்பரில் மூன்று நாலு தாள், சன்னமானதில் இரண்டிரண்டு என்று வாங்கிக்கொள்ளுங்கள். மழுங்கிய தாள் வெட்டாமல் மரத்தைச் சூடாக்கி மெருகேற்றிவிடும். அங்கே சாயமும் பூச்சும் சீராக ஏறாது.

சுவரோரத்தை எட்ஜர் மெஷினில் அதே நம்பர் வரிசையில் தேய்க்க வேண்டும். மூலைகளில் எந்த மெஷினும் நுழையாது. கூர்மையான சுரண்டியும் கையும்தான். ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள எல்லைக்கோடு தெரியாமலிருக்க, கடைசியில் பஃபரில் 100 அல்லது 120 நம்பர் வலைத்தாளைப் போட்டு முழுத்தரையையும் ஒரு முறை கலந்துவிடுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் வாக்வம் போட மறக்காதீர்கள். கரடான தாளிலிருந்து உதிர்ந்த ஒரு மணல் பொடி அடுத்த தாளுக்குக் கீழே மாட்டினால் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும்.

தூசியைப் பற்றி ஒன்று. பழைய பூச்சு கலந்த மரத்தூள் பையில் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வேலை முடித்ததும் பையை வீட்டுக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வெளியே, மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளுக்கும் இதே கதைதான்: சுருட்டிப் போட்டால் சில மணி நேரத்தில் புகையும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப் போடுங்கள். எண்ணெய் சார்ந்த பூச்சு அடிக்கும்போது வீட்டில் எரியும் சுடர் எதுவும் இருக்கக் கூடாது.

பூச்சில், நீங்கள் கேட்ட பி.யு. இரண்டு வகை. எண்ணெய் சார்ந்தது மரத்துக்கு மஞ்சள் கலந்த பொன்னிறம் கொடுக்கும், வருடம் போகப் போக இன்னும் கறுக்கும். கோட்டுக்குக் கோட்டு அரை நாளிலிருந்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும், நெடி பல நாள் நிற்கும், மூன்று கோட் போதும். நீர் சார்ந்தது நிறம் மாற்றாது, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம், மூன்று நாலு கோட் தேவைப்படும். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் நீர் வகை நல்ல கடினம், ஆனால் அதன் கடினப்பொருள் மூச்சுக்குழாயைப் பாதிக்கக்கூடியது. சரியான வடிகட்டியுள்ள முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். இவற்றுக்கு மாற்றாக ஹார்ட்வாக்ஸ் ஆயில் (மெழுகு கலந்த எண்ணெய்ப் பூச்சு) இருக்கிறது: கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம், பி.யு.வில் அது முடியாது. பதிலுக்கு ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை மறுபூச்சு கேட்கும். தடிமன் குறைந்துபோன தரைக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் மறுபடி மெஷின் வைக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போடுகிறது.

உங்கள் தரை என்ன மரம் என்று நீங்கள் சொல்லவில்லை. தேக்கோ ஈட்டியோ என்றால் ஒரு சிக்கல் உண்டு. இவற்றிலுள்ள இயற்கை எண்ணெய் எண்ணெய் சார்ந்த பி.யு.வைக் காயவிடாது, நாள் கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும். மெழுகு நீக்கிய அரக்கை ஒரு மெல்லிய கோட் அடித்து அதன் மேல் அடிக்கலாம். முன்னதாக அரை சதுர மீட்டரில் சோதித்துப் பார்ப்பது அவசியம். புதிதாகத் தேய்த்த தேக்கு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பதறி மேலும் தேய்க்காதீர்கள், வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் நிறம் ஒன்றாகிவிடும்.

அடிக்கும்போது டப்பாவைக் குலுக்காதீர்கள், மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் குமிழி தரையில் தங்கும். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். வாசலுக்கு எதிர்ச் சுவரில் தொடங்கி, ரேகைப் போக்கில், முந்தைய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை இணைத்துக்கொண்டு வாசலை நோக்கிப் பின்வாங்க வேண்டும். நடுவில் விட்ட ஒரு இடத்தைப் பாதி காய்ந்த பிறகு தொட்டால் தழும்பு விழும். விட்டுவிடுங்கள், அடுத்த கோட்டில் மூடிக்கொள்ளும். மின்விசிறியை முதல் சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள். டப்பாவில் குறித்த நேரத்துக்குள் அடுத்த கோட் அடிக்க முடியாமல் போனால், 220 நம்பர் தாளில் லேசாகக் கீறித் துடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

ஒரு நாளில் காலுறையோடு நடக்கலாம், மூன்று நாலு நாளில் நாற்காலியைத் தூக்கி வைக்கலாம், இழுக்கக் கூடாது. விரிப்பு மட்டும் தாமதம்: நீர் வகைக்கு இரண்டு வாரம், எண்ணெய் வகைக்கு ஒரு மாதம். அதற்கு முன் விரித்தால் பூச்சு முழுசாக இறுகாமல் அதன் அச்சு பதியும். நீராவித் துடைப்பானும் சிலிக்கான் பாலிஷும் வேண்டாம். சிலிக்கான் ஏறிய தரையில் பின்னாளில் மறுகோட் ஒட்டாது.

கிறீச்சிடும் அந்த நாலைந்து பலகைகளும் ஜன்னலோரத் திட்டும் ஒரே வரிசையில் இருந்தால், உத்தரக்கட்டையே உளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது எழுத்தில் படித்துச் சொல்லக்கூடிய விஷயமல்ல. கீழே இறங்க முடியாவிட்டால், கறுத்த பலகை ஒன்றைத் தூக்கி, விளக்கடித்து, கட்டையைக் குத்தூசியால் சோதியுங்கள். அங்கே ஊசி இறங்கினால் ஒரு தச்சரை அழைத்துக் கட்டையைச் சரிசெய்த பிறகு மெஷினுக்குச் சொல்லுங்கள்.